இடது பின்கதவு

நான் கதவைச் சரியாகத்தான் சாத்தினேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் கிட்டத்தட்ட ஒரு வருடம் இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாத்தினேன்னுதான் நினைக்கிறேன்" என்று சொன்னேன். "ஒருவேளை மெதுவாச் சாத்திட்டேனோ என்னவோ" என்றுகூடச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் அந்த 'என்னவோ'வைப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டி வெள்ளை நிறம். நானும் கணவரும் சேர்ந்து வாங்கிய முதல் கார். வீடு ஹெப்பகோடியில். எனக்கு பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கணவருக்கு அவருடைய ஆபீஸ் பஸ் வாசலுக்கே வந்துவிடும். அதனால் இருவருடைய கார் என்று பேர், ஓட்டுவது நான்தான். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுடைய குழந்தை இருக்கையைப் பின்னால் இடது பக்கம் பொருத்தியிருந்தோம். ப்ளே ஸ்கூல் வாசலில் ரோட்டுப் பக்கம் போகாமல் நடைபாதைப் பக்கமாகவே இறக்கிவிட அதுதான் தோது.

வாங்கிய இரண்டாவது மாதம் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு வந்தது. மேலேயிருந்து பார்த்த மாதிரி ஒரு குட்டிக் கார் படம், அதில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும். வேகத்தடை ஏறி இறங்கும்போது வரும், கொஞ்ச தூரம் போனால் தானாக மறையும். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, காரு ரெக்கை விரிச்சிடுச்சு" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு இல்லை. அந்த ரெக்கையை ஒட்டித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஓரம் கட்டி, இறங்கி, கதவைத் திறந்து மறுபடி சாத்துவேன். விளக்கு அணையும். அடுத்த மேட்டில் மறுபடி வரும்.

சர்வீஸ் சென்டர் அடுகோடிப் பக்கம். முதல் தடவை ஒரு நாள் வண்டியை வைத்திருந்துவிட்டு, ஓட்டிப் பார்த்தோம், விளக்கு வரவே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவையும் அதே பதில். மூன்றாவது தடவை, எங்கள் வண்டியைக் கவனிக்கும் சர்வீஸ் அட்வைசர் என்னை வண்டிக்கு அருகில் அழைத்துக்கொண்டு போனார். நாற்பது வயது இருக்கும். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர். ஒரே மூச்சில் ஒருவரோடு கன்னடம், இன்னொருவரோடு இந்தி, என்னோடு தமிழ் என்று பேசக்கூடியவர். கோபமே வராத முகம். அவர் எனக்குக் கதவு சாத்தக் கற்றுக்கொடுத்தார்.

"ஃபிரிட்ஜ் கதவு மாதிரி சாத்தினா சென்சார் எடுத்துக்காது மேடம். ஜோரா அடிச்சி சாத்தணும். பாருங்க." படார் என்று சாத்திக் காட்டினார். "இப்ப நீங்க."

நான் சாத்தினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி சாத்தினேன். பக்கத்து வண்டிக்காக நின்றிருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் இரண்டு பட்டம் வாங்கியவள். அங்கே நின்று நாலு தடவை கதவு சாத்திக் காட்டி, "வெரிகுட் மேடம்" வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் அதை நம்பினேன் என்பதுதான் விஷயம். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து நான் எந்தக் கதவையும் சத்தமாகச் சாத்தியதில்லை. அவளுக்குப் பூனைத் தூக்கம். குளியலறைக் கதவு, பீரோக் கதவு, வாசல் கதவு எல்லாவற்றையும் கைப்பிடியை முழுதாகத் திருப்பி, பொருத்தி, மெல்ல விடுவேன். மூன்று வருடப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. கணவர்கூட, "நீ கதவைச் சாத்தறதே தெரியாது, தாழ்ப்பாளுக்கே தெரியாது" என்று கேலி செய்வார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த அன்றும் அதையே சொன்னார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நாலு கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கள் அடுக்குமாடி பார்க்கிங்கில் அன்று எல்லா வண்டிக்கும் மாலை. நான் கதவுக்கு வெளியே பொட்டு வைத்துக்கொண்டு வந்தபோது, மகள் குங்குமக் கிண்ணத்தில் விரலை விட்டுத் தன் பங்குக்கு வைத்திருக்கிறாள். எங்கே என்றால், அவளுடைய கதவை முழுக்கத் திறந்தால் மட்டும் தெரிகிற உள்விளிம்பில், கீல் இருக்கும் பக்கத்தில், அவள் உயரத்துக்கு. சின்னச் சின்னதாக ஐந்து பொட்டு. நான் அதைப் பார்த்ததே ஒரு மாதம் கழித்துத்தான். வெளியே வைத்த பொட்டெல்லாம் வெள்ளைப் பெயின்டில் ரோஜா நிறக் கறையாக நின்றுவிட்டது. கணவர் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்தார். உள்ளே இருந்ததை நான் தேய்க்கவில்லை. யார் கண்ணுக்கும் படாத இடம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து அந்த விபத்து. காலையில் மகளை ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு பொம்மசந்திராவுக்குள் திரும்பும்போது, தண்ணீர் கேன் ஏற்றி வந்த சரக்கு ஆட்டோ ஒன்று இடது பின்கதவில் வந்து மோதியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோ ஓட்டி வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பின்கதவின் உள்பக்கம் குழந்தை இருக்கையை இடித்துக்கொண்டு புடைத்திருந்தது. இருக்கை காலி. அதன் பெல்ட்டை வழக்கம்போலப் பூட்டி வைத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த பெல்ட்டுக்குள் அவள் இருந்தாள்.

வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனது அன்று மாலை. இன்சூரன்ஸில்தான் சரி செய்ய வேண்டும். மகள் இடுப்பில் இருந்தாள், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று காதில் முனகிக்கொண்டிருந்தாள். அதே அட்வைசர் ஒரு கத்தைத் தாளை என் முன் வைத்தார். "எங்கெங்க பென்சில்ல டிக் போட்டிருக்கேனோ அங்கங்க ஒரு சைன் மேடம். நீங்க போயிட்டே இருக்கலாம், மிச்சத்த நாங்க பார்த்துக்கறோம்."

ஒன்பது இடம். க்ளெய்ம் படிவம், வண்டியை ஒப்படைத்ததற்கு ஒன்று, இன்னும் என்னென்னவோ. கடைசித் தாளின் தலைப்பைக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே படித்தேன். பழுது பார்த்த வேலை முழுத் திருப்தியாக இருக்கிறது என்று வண்டிக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதம். தேதி இடம் காலியாக இருந்தது. என் கை ஒரு நொடி நின்றது. "இது முடிஞ்சப்புறம் போடறது இல்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இப்பவே போட்டுடுவாங்க மேடம். இதுக்குன்னு இன்னொரு வாட்டி அலைவீங்களா, கொழந்தைய வெச்சிக்கிட்டு?"

எனக்காகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அவருடைய வேலையைத் தடுத்துக் கேள்வி கேட்கிற பெண்ணாக இருக்கக் கூச்சமாகவும் இருந்தது. போட்டேன். பென்சில் டிக்கின் மேலேயே, கோணல் இல்லாமல், அழகாகப் போட்டேன்.

இரண்டு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. இடது பின்கதவு: புதிது மாற்ற ஒப்புதல். மூன்று வாரத்தில் வண்டி வந்தது. கதவு பளபளவென்று இருந்தது. படார் என்று சாத்தினேன், சொல்லிக்கொடுத்த மாதிரியே.

அன்றைக்கே, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும், ரெக்கை விரிந்தது.

இந்தத் தடவை விளக்கு மட்டும் இல்லை. கதவிலிருந்து காற்று விசில் மாதிரி உள்ளே வந்தது. மேம்பாலத்தில் ஓரம் கட்ட முடியாது. பின்னால் கண்ணாடியில் மகள் பொம்மையின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் வலது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையைப் பின்னால் நீட்டி அவள் காலைப் பிடித்தேன். அந்தக் காலைப் பிடித்து என்ன ஆகப் போகிறது என்று எனக்கே தெரியும். இறக்கம் வரும்வரை விடவில்லை.

கீழே இறங்கியதும் துப்பட்டாவை எடுத்துக் கதவின் கைப்பிடியில் ஒரு முனையும் முன் இருக்கையில் ஒரு முனையும் இறுக்கிக் கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் குழந்தை இருக்கையை வலது பக்கம் மாற்றினேன். அதற்கும் மனசு கேட்கவில்லை. வலது பக்கம் இறங்கினால் ரோடு.

மறுநாளிலிருந்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நடந்தது எதுவுமே இல்லை. சர்வீஸ் சென்டரில் வாரண்டிக்கு ஒரு மேஜை, இன்சூரன்ஸ் வேலைக்கு ஒரு மேஜை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் இயந்திரம். வாரண்டி மேஜையில் இருந்தவர், அடிபட்ட கதவு, விபத்துக் கணக்கு, எங்களிடம் வராது என்றார். நாலு எட்டு நடந்து இன்சூரன்ஸ் மேஜைக்குப் போனால், விபத்துக்கு முன்பே நீங்கள் மூன்று முறை இதே புகார் கொடுத்திருக்கிறீர்கள், பழைய குறை, இன்சூரன்ஸில் வராது என்றார்கள். அந்த மூன்று முறையும் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அதைச் சொன்னேன். "அதுவும் கரெக்ட்தான் மேடம்" என்றார் அட்வைசர். எல்லாமே அவருக்கு கரெக்ட்தான். கடைசியில் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே முழு திருப்தின்னு சைன் பண்ணியிருக்கீங்களே."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது.

மாமியார் போனில் திருஷ்டி என்றார்கள், எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்கள். நாலு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றினேன். கணவர், "வலது பக்கமே இருக்கட்டும், லெஃப்ட்ல யாரும் உட்கார வேணாம், அவ்ளோதானே" என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தினமும் துப்பட்டாவைக் கட்டினேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.

என் வேலை என்னவென்று சொல்லவில்லையே. மருந்துக் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் பிரிவு. மாத்திரை செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் இருக்கும். எடை பார்த்தேன், சூடு பார்த்தேன், இயந்திரத்தைச் சுத்தம் செய்தேன் என்று செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளையெல்லாம் படித்துச் சரியென்றால்தான் மருந்து வெளியே போகும். எங்கள் இடத்தில் பெரிய குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது தப்பு செய்வது இல்லை. செய்வதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வைப்பதுதான். தப்பு செய்தால் திருத்த வழி இருக்கிறது: எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரியும்படி. பக்கத்தில் காரணம், தேதி, நேரம், கையெழுத்து. அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது.

அன்று ஷிஃப்ட் முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு தாள் என் மேஜைக்கு வந்தது. இயந்திரத்தைச் சுத்தம் செய்து முடித்ததாகக் கையெழுத்து இருந்தது, இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர் எனக்குப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல வேலைக்காரர். கூப்பிட்டுக் கேட்டேன். எப்படியும் செய்யப்போகிறோம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்றார்.

"அண்ணா, பார்க்காம போட்ட கையெழுத்து கையெழுத்தே இல்ல" என்றேன். "இத நான் ஏத்துக்க முடியாது. கோடு போட்டுட்டு, காரணம் எழுதுங்க."

அவர் கோடு போட்டார். காரணம் எழுதினார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளை நீட்டிக்கொண்டு நின்றதை ரொம்ப நேரம் கவனிக்கவில்லை.

தினமும் இந்தத் தப்பைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒன்பது இடத்தில் அதே தப்பைச் செய்துவிட்டு, என் மகளின் கதவைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பார்க்கிங்கில் கதவை முழுதாகத் திறந்து வைத்து, செல்போன் வெளிச்சத்தில் கொக்கியைப் பார்த்தேன். எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும். அதுதான் என் வேலை. கீழிருந்து மேலாக ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். மகள் என் கைக்குக் கீழே புகுந்து உள்விளிம்பைத் தொட்டாள்.

"என் பொட்டு" என்றாள்.

ஐந்தும் இருந்தது. ரோஜா நிறத்தில், அவள் விரல் அளவில். புதுக் கதவில்.

எனக்குப் பயம் வரவில்லை. ஏறக்குறைய சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்று முதல் தடவையாக என்னிடம் இருந்தது. புதிதென்று சொல்லிப் பழைய கதவையே தட்டி நிமிர்த்தி, வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே அடிக்க மெனக்கெடவில்லை. ஒவ்வொரு பொட்டாகப் படம் எடுத்தேன். ஆயுத பூஜைக்கு எடுத்த பழைய படங்களையும் தேடினேன். ஒன்றில் மகள் திறந்த கதவுக்கருகில் சிவந்த விரலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் பொய். புதுக் கதவின் மேலும் அவளே மறுபடி வைத்திருப்பாளோ? குங்குமக் கிண்ணம் பூஜை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. அவளுக்கு எட்டாது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். கணவர் தானும் வருவதாகச் சொன்னார். "ஆம்பள வந்தாத்தான் பேசுவாங்க" என்றார். வேண்டாம் என்றேன். அதை நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

அட்வைசர் என்னைப் பார்த்ததும் எழுந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வண்டிக்கு வாருங்கள் என்றேன். கதவைத் திறந்து பொட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பெயின்ட் தெறித்ததாக இருக்கும் என்றார். வெள்ளை வண்டிக்கு ரோஜாப் பெயின்டா என்று கேட்டேன். சிரித்தார். அடிபட்ட வண்டிகளைச் சரிசெய்யும் பாடி ஷாப் பொறுப்பாளரைக் கூட்டிவந்தார். அவர் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்வைசரிடம், "சைன் இதெயல்லா?" என்றார். கையெழுத்து இருக்கிறதல்லவா என்று. இருக்கிறது என்று அட்வைசர் தலையாட்டினார். பொறுப்பாளருக்கு அதோடு வேலை முடிந்துவிட்டது.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம்" என்றார் அட்வைசர். "கதவு நூறு பர்சென்ட் ஸேஃப். விளக்கு வர்றது வெறும் சென்சார் மேட்டர். கதவு தானா தெறக்காது. நான் கேரண்டி."

"நீங்க கேரண்டியா?"

"நான் கேரண்டி."

"அப்ப ஏறி உட்காருங்க" என்றேன். "பின்னாடி. லெஃப்ட் பக்கம். கதவுல சாஞ்சிக்கிட்டு. மேம்பாலத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

அவர் மறுபடி சிரித்தார். "என்ன மேடம், ஜோக் அடிக்கிறீங்க."

"ஜோக் இல்ல சார். பெல்ட் போட்டுக்குங்க, வேணாங்கல. என் பொண்ணு உட்கார்ற எடம்தான். அவ பதினாலு கிலோ. நீங்க கேரண்டின்னு சொல்றீங்க."

நான் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். பின்கதவு திறந்தபடி இருந்தது. பொறுப்பாளர் தள்ளி நின்றார். அட்வைசர் திறந்த கதவைப் பார்த்தார். அதன் கொக்கியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு கஸ்டமர் காத்திருக்கிறார் என்றார். ஐந்து நிமிடம்தான் என்றேன். அவர் ஏறவில்லை. ஏறாமல் நின்ற அந்த நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அந்த அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

வண்டியை அணைத்தேன். "அந்தத் திருப்திக் கடிதத்தக் காட்டுங்க."

இது அவருக்கு எளிதாக இருந்தது. வேகமாகப் போய்க் கோப்பைக் கொண்டுவந்து, தாளைப் பிரித்து, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். கடைசிப் பில்லோடு சேர்த்து அனுப்பவேண்டியது, இன்னும் போகவில்லை. தேதி இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தேன். அவர் விரலை நகர்த்தச் சொன்னேன். என் கையெழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: வேலை தொடங்கும் முன், வண்டியைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. செல்லாது. கீழே தேதி. நேரம், பதினொன்று இருபது. சுருக்கக் கையெழுத்து.

"மேடம், என்ன பண்றீங்க? இன்சூரன்ஸுக்குப் போற பேப்பர் இது."

"தெரியும். அதான் கிழிக்கல. அடியில இருக்கறதும் தெரியணும், மேல போட்ட கோடும் தெரியணும். எங்க கம்பெனியில இப்படித்தான்." தாளைப் படம் எடுத்துக்கொண்டேன். சாவியை மேஜையில் வைத்தேன். "இந்தக் கதவு புதுசா வர்ற வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும்."

போகிற வழியில் ஞாபகம் வந்து திரும்பி, குழந்தை இருக்கையைக் கழற்றி எடுத்தேன். அதைக் கழற்றுவது லேசு இல்லை. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. இடுப்பில் காலி இருக்கையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தேன். மடியில் அதை வைத்துக்கொண்டு ஹெப்பகோடி வரை வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ரெண்டு மூணு தடவை பார்த்துவிட்டு, குழந்தை எங்கே என்று கேட்டார். ப்ளே ஸ்கூலில் என்றேன். அவருக்கு நிம்மதி ஆனது.

அன்று மதியமே இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பொட்டின் படம், பூஜைப் படம், கோடு போட்ட தாளின் படம் மூன்றையும் அனுப்பினேன். என் வேலையில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, என்ன செய்யப்பட்டிருக்கிறது, அதற்கு என்ன சான்று. வருத்தமாக இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை.

சர்வேயர் மறுபடி வருவதற்கு ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நான் தைரியமாக இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். காலையில் ஆட்டோ கிடைக்காமல் மழையில் மகளோடு நின்றபோது, ஒரு கதவுக்காக இவ்வளவா என்று எனக்கே தோன்றியது. கணவரும் கேட்டார். "தோணுது, ஆனா விட முடியல" என்றேன். அவர் மறுநாள் தன் பஸ்ஸை விட்டுவிட்டு மகளை ப்ளே ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குமேல் கேட்கவில்லை.

சர்வேயர் வயதானவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் மேல் வைத்தார். ஒட்டியது. மெல்ல நகர்த்திக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தார். காந்தம் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. நசுங்கலை நிரப்ப, இரும்புக்கு மேல் அவ்வளவு கனத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். பிறகு உள்விளிம்பில் பொட்டைப் பார்த்தார். "யாரு வெச்சது?" என்று கேட்டார். என் பெண் என்றேன். குறித்துக்கொண்டார். என் மகளின் பொட்டு ஓர் அரசாங்க முத்திரை மாதிரி அந்த நோட்டில் ஏறியது.

புதுக் கதவு வந்ததும் பொருத்துவதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போனேன். சாம்பல் நிற அடிப்பூச்சோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பொருத்துகிற அன்றும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். நிற்கிறேன் என்றேன். கதவு பொருத்திய மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. கதவை மாட்டிச் சாத்திப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி சாத்தினார். பிறகு கதவை விட்டுவிட்டு வண்டியின் உடம்பில், கொக்கி போய் மாட்டுகிற கம்பியைத் தடவிப் பார்த்தார். அது அடிபட்ட இடம் இல்லை. மோதலில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது கம்பெனியிலேர்ந்து வரும்போதே கோணல்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கொக்கி பாதிதான் மாட்டுது. எந்தக் கதவ மாட்டினாலும், யாரு சாத்தினாலும் இப்படித்தான்."

"அடிச்சி சாத்தினா?"

"அடிச்சி சாத்தினா இன்னும் தேயும்."

அவர் கம்பியைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி, முடுக்கினார். ஐந்து நிமிட வேலை. ஒரு வருடமாக யாரும் அந்தப் பக்கம் குனியவே இல்லை, ஏனென்றால் என் கையில்தான் குறை என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பெயின்ட் காய்ந்து, எல்லாம் முடிந்த அன்று அட்வைசர் புதிய திருப்திக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். பென்சில் டிக் போட்டிருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. "நீங்க வர்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவையும் செல்போனையும் மேஜையில் வைத்துவிட்டு வந்து, பின்னால் இடது பக்கம் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் இறங்கிப்போய் அவர் கதவைச் சாத்தினேன். ஓசூர் ரோட்டின் எல்லா மேட்டிலும் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினேன். மேம்பாலத்தின் பாதி தூரம் போய்த் திரும்புகிற வழியில் திரும்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். மனுஷன் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. விளக்கு வரவில்லை.

திரும்பி வந்ததும் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றுகொண்டே படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். தேதி எழுதினேன். அந்தப் படிவத்தில் நேரத்துக்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

அன்று மாலை குழந்தை இருக்கை மறுபடி இடது பக்கம் போனது. ப்ளே ஸ்கூலில் ஏதோ விழா, மகள் ஆடிக் களைத்து, பெல்ட்டைப் பூட்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டாள். பூனைத் தூக்கம். நான் கதவின் விளிம்பைப் பிடித்து, எனக்குத் தெரிந்த மாதிரி, சத்தமே இல்லாமல் பொருத்தி, மெல்ல அழுத்தினேன். உள்ளே ஒரு சின்னக் 'க்ளிக்'.

முன்னால் வந்து உட்கார்ந்து டாஷ்போர்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வீடு வரை ஒன்றும் இல்லை.